ஜூம் தமிழய்யா

தமிழய்யா என்றதும் வெள்ளை வேட்டியும், கக்கத்தில் கோனார் உரையும், கையில் பிரம்புமாக ஒருவர் உங்கள் நினைவில் வந்தால், உங்களுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது என்று அர்த்தம். அவர் எப்போதோ ரிட்டயர் ஆகிவிட்டார். இப்போது இருப்பவர் ஜூம் தமிழய்யா. இடுப்புக்கு மேலே இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, நெற்றியில் திருநீறு, முகத்தில் ரிங் லைட்டின் தேஜஸ். இடுப்புக்குக் கீழே கட்டம் போட்ட லுங்கி. கேமரா எட்டுகிற வரைக்கும் உத்தியோகம், அதற்குக் கீழே வீடு. வகுப்பு நடக்கையில் மாமனாரே வாசலில் வந்து நின்றாலும் எழுந்திருக்க மாட்டார்.

உறையூர், கும்பகோணம், பாளையங்கோட்டை என்று எந்த ஊரிலும் ஒரு வீட்டு மாடியறையில் இவரைக் காணலாம். 2020 வரை ஏதோ ஒரு மெட்ரிக் பள்ளியில் இருந்தவர். ஊரடங்கில் சம்பளம் பாதியானது. ஜூம் மட்டும் முழுசாகக் கைவந்தது. அந்தச் சமயம் பார்த்து நியூஜெர்சியில் இருக்கும் ஒன்றுவிட்ட அத்தை மகள், "சும்மாதானே இருக்கீங்க, எங்க வாண்டுக்கு நாலு எழுத்து சொல்லிக் குடுங்களேன்" என்றாள். வாண்டு தன் சிநேகிதியைக் கூட்டிவந்தது. சிநேகிதியின் அம்மா வாட்ஸாப் குழுவில் போட்டாள். ஆறு பிள்ளைகள் சேர்ந்த அன்றைக்கு ஐயா ராஜினாமாக் கடிதம் எழுதினார்.

அதிலிருந்து அவர் சுதந்திர மனிதர். ஹெச்.எம். கிடையாது. பாடக்குறிப்பு நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டாம். மே மாத வெயிலில் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்கத் தெருத்தெருவாக நோட்டீஸ் கொடுக்க வேண்டாம். "நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை சார்" என்று பெருமையாகச் சொல்வார். விடியற்காலை நாலே முக்காலுக்குத் தன் காப்பியைத் தானே கலந்துகொண்டு இதைச் சொல்வார் என்பதுதான் விசேஷம்.

நாலே முக்கால் ஏன் என்றால், நியூஜெர்சியின் எடிசன் நகரத்துப் பிள்ளை நீச்சல் முடித்து, பாஸ்தா சாப்பிட்டு, தமிழுக்கு உட்காரும் நேரம் மாலை ஏழரை. அது நமக்கு மறுநாள் காலை ஐந்து. சிட்னிப் பிள்ளை சாயங்காலம் ஐந்துக்கு வந்தால் இவருக்குப் பகல் பன்னிரண்டரை, சோறு ஆறும். சிங்கப்பூர் இரண்டரைக்கு, தூக்கம் போகும். லண்டன் ராத்திரி பத்துக்கு. ஐயாவின் அறையில் நாலு சுவர்க் கடிகாரங்கள் மாட்டி, கீழே ஊர்ப் பெயரைக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார். இந்தியாவுக்குக் கடிகாரம் இல்லை. அவர் மனைவி அடுப்படியிலிருந்து, "மணி என்னங்க?" என்று கேட்டால், "யாருக்கு?" என்பார்.

கிழமையும் தகராறுதான். "இன்று என்ன கிழமை?" என்று பாடம் கேட்கிறார். குழந்தை, "வெள்ளி" என்கிறது. "தப்பு, சனி" என்கிறார் இவர். இரண்டும் சரி. நேற்று, இன்று, நாளை பாடத்தை மட்டும் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு நிம்மதியாக நடத்துகிறார்.

இதற்கெல்லாம் மேலே மார்ச் மாதம் இருக்கிறது. மார்ச் இரண்டாம் ஞாயிறு அமெரிக்காக்காரன் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கிறான். அவனுக்கு அந்த ஒரு ராத்திரிதான் தூக்கம் குறைகிறது. உறையூரில் ஆறு மணிக்கு இருந்த வகுப்பு ஐந்து மணிக்கு வந்து, நவம்பர் முதல் ஞாயிறு வரை, எட்டு மாதம் அங்கேயே நிற்கிறது. பிரிட்டன்காரன் அதே காரியத்தை மார்ச் கடைசி ஞாயிறு செய்கிறான். ஆஸ்திரேலியாக்காரன் ஏப்ரல் முதல் ஞாயிறு எதிர்ப்பக்கம் திருப்புகிறான். இந்த மூன்று நாலு வாரத்தில் ஐயா யாருமில்லாத வகுப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பதும், குளித்துக்கொண்டிருக்கையில் லண்டன் பிள்ளை உள்ளே வந்து "சார், சார்" என்று கூப்பிடுவதும் வருஷா வருஷம் நடப்பவை.

ஆரம்ப நாட்களில் காசில்லாத ஜூமில்தான் ஓட்டினார். மூன்று பேர் சேர்ந்தாலே அது 40 நிமிஷத்தில் கதவைச் சாத்திவிடும். பள்ளிக்கூடப் பீரியடும் 40 நிமிஷம்தான் என்பதால் அவருக்கு அது குறையாகவே படவில்லை. ஜூமை எழுதியவன் யாரோ வாத்தியார் வீட்டுப் பிள்ளை என்றே நம்பினார்.

புது மாணவருக்கு டெமோ வகுப்பு இலவசம். பெண் பார்க்கும் சடங்கு போல, வந்திருப்பவர்கள் எல்லாரும் பேசுவார்கள், பார்க்கப்படுகிறது மட்டும் பேசாது. அம்மாதான் ஆரம்பிப்பாள்: "இவளுக்குத் தமிழ் நல்லாப் புரியும் சார், பேசத்தான் மாட்டா." உலகத்தில் எந்த நேர மண்டலத்திலிருந்து வந்தாலும் முதல் வாக்கியம் இதுதான். ஐயா குழந்தையைப் பார்த்து, "உன் பேர் என்ன கண்ணு?" என்பார். கேமராவுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் ரகசியமாகப் பதில் சொல்லும். "என்ன சாப்பிட்டே?" "இட்லின்னு சொல்லு." குழந்தை ஒரு சொல்லும் சொல்லாமல் டெமோ வெற்றிகரமாக முடியும். கடைசியில் அப்பா வருவார். "ஃபீஸ் பத்து டாலரா சார்? சேலத்துல ஒருத்தர் ஆறுக்கு எடுக்கிறாராமே. சரி, ரெண்டு பசங்களும் ஒரே ஸ்க்ரீன்ல உக்காந்தா என்ன பண்ணுவீங்க?" பத்து டாலரை ரூபாயாக்கிப் பார்ப்பவர், அதே ஊரில் பியானோ டீச்சருக்குக் கொடுப்பதை ரூபாயாக்கிப் பார்ப்பதில்லை.

ஒரு ஹெச்.எம்.மிடமிருந்து தப்பித்த மனிதர் முப்பது ஹெச்.எம்.களிடம் மாட்டிக்கொண்டார் என்பது எனக்குத் தெரிகிறது. அவருக்கு இன்னும் தெரியவில்லை. ஓர் அம்மாவுக்குப் பேச்சுத் தமிழ் போதும். "நான் பள்ளிக்குச் செல்கிறேன்" என்று பிள்ளை சொன்னதைக் கேட்டு மாயவரத்துப் பாட்டி போனிலேயே சிரித்துவிட்டாளாம். இன்னோர் அம்மாவுக்குப் பேச்சு வேண்டாம், குறள் வேண்டும். ஜூலை நாலை ஒட்டி நடக்கும் தமிழ்ச் சங்கப் பேரவை விழாவில் போட்டி இருக்கிறது. அந்தப் பிள்ளை குறளை ஆங்கில எழுத்தில் எழுதி லேப்டாப் விளிம்பில் ஒட்டிவைத்து ஒப்பிக்கும். ஐயா கண்டுபிடித்துவிடுவார். மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளை கூரையைப் பார்க்கும். இதன் கண்ணோ இடமிருந்து வலமாகப் போகிறது.

தாத்தாக்கள் இருக்கிறார்களே, அவர்கள் தனி. ஆறு மாத விசாவில் போனவர்களுக்கு அங்கே பகலில் பேசத் துணை கிடையாது. பேரனின் தமிழ் வகுப்புதான் பொழுதுபோக்கு. பேரன் எழுதின 'லை'யைப் பார்த்துவிட்டு, "என்ன சார், தும்பிக்கையைக் காணோம்?" என்று ஒரு தாத்தா ஆரம்பித்தார். "அதை எம்.ஜி.ஆர். 1978-லேயே மாத்திட்டாருங்க" என்றார் ஐயா. "மாத்தினது பெரியார். 1935-லேயே 'குடி அரசு'ல வந்துடுச்சு. எம்.ஜி.ஆர். சர்க்கார் உத்தரவுதான் போட்டார்" என்று தாத்தா ஒரு பிடி பிடிக்க, இருவரும் திராவிட இயக்க வரலாற்றில் இறங்கிவிட்டார்கள். பேரன் மியூட்டைப் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டான். அந்த வகுப்புக்கும் பத்து டாலர் வந்தது.

டொரண்டோவில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம். அங்கே மேற்பார்வை அம்மம்மாவுடையது. ஐயா எதைச் சொல்லிக்கொடுத்தாலும் பின்னாலிருந்து, "சேர், நாங்கள் உப்பிடிச் சொல்றேல்லை" என்று வரும். ஐயா திருத்திக்கொள்வார். இப்போது அவரே சமயத்தில் மனைவியிடம், "கொஞ்சம் கதைக்க வேணும்" என்று சொல்லிவிட்டு முழிக்கிறார்.

கல்யாணத்துக்குத் தமிழ் கற்க வரும் வெள்ளைக்கார மாப்பிள்ளைகள் அபாரமான மாணவர்கள். வீட்டுப்பாடம் தவறாது, பணம் தாமதமாகாது. ஒரே சிக்கல், ஆறு வாரத்தில் மாமியாரிடம் சரளமாகப் பேச வேண்டும் என்பார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக ஆட்களுக்குத் தமிழ் கற்பிக்கக் கணக்குப் போட்டு வைத்திருப்பது சுமார் 44 வாரம், 1100 மணி நேரம். ஐயா இதையெல்லாம் சொல்லிக் கலவரப்படுத்த மாட்டார். "சாப்பாடு பிரமாதம் அத்தை", "போதும் அத்தை", "இன்னும் கொஞ்சம் ரசம் அத்தை" என்று மூன்று வாக்கியங்களை ஆறு வாரமும் உருப்போட வைத்து அனுப்பிவிடுவார். இதுவரை எந்த மாமியாரும் நாலாவது வாக்கியம் கேட்டதாகப் புகார் இல்லை.

அவரை நிஜமாகவே ஆட்டிவைத்தவள் ஜெர்மனியிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி. ஹெரால்டு ஷிஃப்மன் எழுதி 1999-ல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட பேச்சுத் தமிழ் இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவள். பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் உண்டு என்பதையே ஐயா அன்றுதான் கேள்விப்பட்டார். நன்னூலை நம்பி இருபது வருஷம் ஓட்டியவர் அவர். "ஐயா, வாக்கியத்துக்கு வாக்கியம் 'வந்து', 'வந்து' என்கிறீர்கள். யார் வந்து, எங்கிருந்து வந்து?" என்று அவள் சுத்தமான தமிழில் கேட்டாள். அப்புறம் ஒரு வாரம் அவரால் கோவையாக எதுவுமே பேச முடியவில்லை.

வரவு செலவுக் கணக்கும் அவர் தலையில்தான். ஆசிரியரையும் மாணவரையும் சேர்த்துவைக்கும் பெரிய தளங்கள் இருக்கின்றன. ஒன்றில் முதல் வகுப்புப் பணம் முழுவதும் தளத்துக்கே. பிறகு நூற்றுக்கு 33-ல் தொடங்கி, மணிக்கணக்கு ஏற ஏற 18 வரை இறங்கும். இன்னொன்றில் நூற்றுக்கு 15. நம் ஊர் வீட்டுத் தரகர் இதைக் கேட்டால் தொழிலை மாற்றிக்கொள்வார். தளம் வேண்டாம் என்று தனியாக நடத்தினால் ஃபீஸ் கேட்பது இவர் பொறுப்பு. பத்தாம் தேதிக்கு மேல் வாட்ஸாப்பில், "வணக்கம், நலமா? குழந்தை அருமையாக முன்னேறுகிறாள்" என்று ஒரு செய்தி வந்தால், குழந்தை முன்னேறியிருக்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஃபீஸ் நோட்டீஸ்.

வீட்டுக்கடன் கேட்டுப் பேங்குக்குப் போனால் சேலரி ஸ்லிப் கேட்கிறார்கள். பகலில் வாசலில் நிற்பதைப் பார்க்கும் எதிர்வீட்டுக்காரர், "இன்னும் வேலை ஒண்ணும் அமையலையா சார்?" என்று அனுதாபப்படுகிறார். விளம்பரத்துக்கு ரீல்ஸ் போடு என்று மகள் சொல்ல, புணர்ச்சி விதிகளை விளக்கி ஒன்று போட்டார். பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாக்கை மடக்கி ழகரம் சொல்லிக்காட்டிய ரீல் பிய்த்துக்கொண்டு போனது. இலக்கண ஞானம் அவமானப்பட்டாலும் அதில் மூன்று அட்மிஷன் வந்ததை அவர் மறைப்பதில்லை.

பாடத்திட்டத்தில் இல்லாததையும் பிள்ளைகள் கற்கிறார்கள். குக்கர் விசில், கீரைக்காரம்மாவின் குரல், ஐயா மியூட் போட மறந்து மனைவியிடம் வாங்கும் திட்டு எல்லாம் கடல் தாண்டிப் போகின்றன. ஆடி மாதம் பக்கத்துத் தெரு அம்மன் கோயிலில் காலை ஐந்துக்கே ஸ்பீக்கர் கட்டிவிடுவார்கள். ஐயா மன்னிப்புக் கேட்டுக்கேட்டு அலுத்துப்போனார். ஆடி முடிந்ததும் டெக்ஸஸ் பையனின் அம்மா போன் செய்து, "உங்க பாடம் ஒண்ணும் ஏறலை சார், ஆனா மாரியம்மன் பாட்டு பூராவும் வருது" என்றாள். ஊரைவிட்டுப் பதினைந்து வருஷமானவள். அடுத்த ஆடிக்கும் அதே நேரத்தில் வகுப்பு வேண்டும் என்றாள். இந்த வகுப்புகளில் நிஜமான மாணவர் யார் என்பதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஃபீஸ் கட்டுகிறவர்தான் என்று நினைக்கிறேன்.

கேலி இருக்கட்டும். நடுவில் பாதி வெட்டுப்பட்டுப் போகும் இந்த ஜூமுக்குள், வாய் திறக்காத பிள்ளையை அவர் ஒரு வருஷத்தில் பாட்டியிடம் போனில் சண்டை போடும் அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறார். பிரம்பில்லாமல், மார்க்கில்லாமல், பரீட்சை பயம் காட்டாமல். பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில் இதை அவர் செய்ததில்லை.

ஆகவே, வெளிநாட்டில் இருந்துகொண்டு பிள்ளையை இப்படி ஒருவரிடம் சேர்க்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சேலத்துக்காரர் கதையை எடுக்காதீர்கள். ஒன்றாம் தேதி பணத்தை அனுப்பிவிடுங்கள். வகுப்பு நேரத்தில் நீங்கள் அந்த அறையில் இருக்க வேண்டாம். இட்லி சாப்பிட்டதைக் குழந்தையே சொல்லட்டும்.