ஏகாதசியும் மாத்திரையும்

கேள்வி: ஏகாதசியன்று துளசித் தீர்த்தம் தவிர வேறொன்றும் உட்கொள்ளாத என் மாமனார், சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்குகிறார். விரதம் பங்கப்படுமா?
– ஒரு மருமகள், அதியன்னூர்

பதில்: விரதம் இருக்கட்டும், மாமனாரின் பிரக்ஞை பங்கப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு முதலான மாத்திரைகள், வயிற்றில் மரச்சீனியும் மீன்கறியும் இறங்கியிருக்கின்றனவா, வெறும் தீர்த்தம்தானா என்று விசாரியாமலே கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் சுபாவமுடையவையாதலால், பட்டினியோடு அவை சேரும்போது ரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து, வியர்வை, கைநடுக்கம், பேச்சில் தடுமாற்றம் ஆகியவை தோன்றக்கூடும்; அதைப் பக்திப் பரவசமென்று எண்ணி வீட்டார் கைகூப்பிவிடலாகாது. உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து ரத்தத்தைச் சோதியுங்கள்; நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மெட்பார்மின் மட்டும் உட்கொள்பவர்களுக்கு இந்த உபத்திரவம் அபூர்வம். ஆனால் வாந்தி பேதி கண்டால் அதைத் தொடரலாமா என்று கேட்டே தொடரவேண்டும். எதையும் தாமாக நிறுத்துவதும் தவறே. ஏகாதசி வரும் நாளைப் பஞ்சாங்கம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறதல்லவா? அதற்கு முன்பே அவரை டாக்டரிடம் அழைத்துச் சென்று, அன்றைய அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.