ஒட்டுப் புராணம்

விருத்தாசலத்துக்காரர்களிடம் நரம்பியலை விளக்குவது சுலபம். பாதிக் கதை அந்த ஊரில் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. சுந்தரர் அந்த ஊரில், அதாவது திருமுதுகுன்றத்தில், சிவனிடம் பன்னிரண்டாயிரம் பொன் வாங்கினார். அதை யார் சுமப்பது? மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்று மேலிடத்து உத்தரவு. சுந்தரரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. பின்னால் மாற்று சரிபார்க்க ஒரு மச்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டுதான் மிச்சத்தை ஆற்றில் விட்டார். கடவுளோடு கொடுக்கல் வாங்கலிலும் சாம்பிள் எடுத்துவைத்த அந்த மனிதரை எந்த ஆய்வுக்கூடமும் கண்ணை மூடிக்கொண்டு வேலைக்கு எடுக்கும்.

நம் கண்ணிலிருந்து கிளம்பும் பத்து லட்சம் நரம்பிழைகளும் இதே சாகசத்தைத்தான் செய்கின்றன. விழித்திரையில் புறப்பட்டு, மூளைக்குள் புகுந்து, ஒவ்வொன்றும் தனக்கான இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. சுந்தரரின் பொன்னை வழிநடத்தியது யார் என்று நமக்குத் தெரியும். இழையை வழிநடத்துவது யார்?

விடை தேடியவர்கள் எல்லோருமே ஒட்டியிருந்ததைப் பிய்ப்பதில்தான் ஆரம்பித்தார்கள். 1907-ல் வட கரோலினாப் பேராசிரியர் எச். வி. வில்சன் உயிருள்ள கடற்பஞ்சு ஒன்றைப் பட்டுத்துணியில் வைத்துப் பிழிந்தார். செல்கள் தனித்தனியாக உதிர்ந்தன. உதிர்ந்தவை ஊர்ந்துபோய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மறுபடியும் பஞ்சாகிவிட்டன. பஞ்சுக்கு மூளையும் கிடையாது, நரம்பும் கிடையாது. ஆனாலும் உறவு தெரிந்திருக்கிறது.

அடுத்து வந்தவர் ரோஜர் ஸ்பெரி. சிகாகோவில் அவருடைய குரு பால் வைஸ். நரம்பு எங்கே போய் ஒட்டினாலும் பாதகமில்லை, வேலை செய்யச் செய்யப் பொருந்திவிடும் என்பது குருவின் கட்சி. சீடர் 1940-களில் நீர்ப்பல்லியின் பார்வை நரம்பை அறுத்து, கண்ணைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். நரம்பு மறுபடி வளர்ந்தது, பார்வையும் திரும்பியது. ஆனால் தலைக்கு மேலே பூச்சியைக் காட்டினால் பல்லி கீழே பாய்ந்தது. நாள் கடந்தும் திருந்தவே இல்லை. ஒவ்வோர் இழையும் பழைய முகவரிக்கே போய் ஒட்டியிருந்தது. இழைக்கும் இலக்குக்கும் வேதியியல் அடையாளம் உண்டு என்று ஸ்பெரி 1963-ல் எழுதிவைத்தார். பல்லியின் கண்ணோடு குருவின் கொள்கையும் தலைகீழானது.

அடையாளம் சரி, ஆளைக் காட்டு என்றபோது களத்தில் இறங்கியவர் ஜெரால்ட் எடெல்மன். எதிர்ப்பொருளின் கட்டமைப்பைக் கண்டதற்காக 1972-ல் நோபல் வாங்கியிருந்தார். நோபல் வாங்கியவர்கள் வழக்கமாக மாலை மரியாதையோடு கமிட்டிகளில் உட்கார்வார்கள். இவரோ பக்கத்து வயலில் ஏர் ஓட்டப் போனார். ஏர் மட்டும் பழையது. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் அவரும் ருட்டிஷவுசர், தியரி, பிராக்கன்பரி ஆகியோரும் கோழிக்கருவின் விழித்திரைச் செல்களை முயலுக்கு ஊசியாகப் போட்டார்கள். அந்நியன் வந்துவிட்டான் என்று முயல் எதிர்ப்பொருள் சுரந்தது. எதிர்ப்பொருளுக்கு இரண்டு கை. அப்படியே விட்டால் கைக்கொரு செல்லாகப் பிடித்து அதுவே ஒட்டிவைத்துவிடும். அதனால் அதை ஒற்றைக் கையாக நறுக்கினார்கள். (இந்தக் கைவெட்டு வித்தையை 1959-ல் காட்டிய ராட்னி போர்ட்டர்தான் எடெல்மனோடு நோபலைப் பங்கு போட்டவர். அவருடைய கத்தி, பப்பாளிப் பாலில் இருக்கும் பப்பேன்.) ஒற்றைக் கைகள் போய் மறைத்ததும் செல்கள் ஒட்ட மறுத்தன. எந்தப் புரதத்தைச் சேர்த்தால் அந்தக் கைகள் செல்லை விட்டு அதைப் பிடித்துக்கொள்கின்றனவோ அதுவே பசை. 1977-ல் பிடிபட்டது; பிற்பாடு என்-கேம் என்று பெயராயிற்று.

அந்தப் பெயரோடு நின்றிருந்தால் தேவலை. கோபன்ஹேகனில் எலிசபெத் போக் குழுவினர் 1974-லேயே அதை மூளையில் பார்த்து டி-2 என்று எழுதிவைத்திருந்தார்கள். பசை என்பதுதான் அப்போது தெரியாது. இரத்தத்து இயற்கைக் கொலைச் செல்களை ஆராய்ந்தவர்கள் சிடி-56 என்றார்கள். எல்லாம் ஒரே ஆசாமி என்பது 1980-களில்தான் அம்பலமானது. இன்று புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் நுரையீரல் சதைத் துணுக்கில் சிடி-56 சாயம் பழுப்பாக ஏறுகிறதா என்று பார்க்கிறார்களே, அது இந்த நரம்புப் பசையைத்தான்.

1987-ல் புரதத்தின் வரிசையைப் படித்தார்கள். எதிர்ப்பொருளை விட்டு ஓடிவந்த எடெல்மனுக்கு அங்கே ஐந்து துண்டுகள் காத்திருந்தன, அத்தனையும் எதிர்ப்பொருளின் சாடை. அசராமல், பசைதான் மூத்தது, எதிர்ப்பொருள் அதன் வாரிசு என்றார். விட்ட இடத்தையும் பிடித்த இடத்தையும் ஒரே பட்டாவில் எழுதிக்கொள்ளும் இந்தச் சாமர்த்தியத்துக்கு இன்னொரு நோபல் தந்திருக்கலாம்.

எடெல்மன் பசையைத் தேடிக்கொண்டிருந்த காலத்திலேயே மசாதோஷி டகெய்ச்சி கியோட்டோவிலிருந்து பால்டிமோர் போயிருந்தார். கியோட்டோவில் பிய்த்தபோது சமர்த்தாகத் திரும்ப ஒட்டிய செல்கள் அமெரிக்காவில் ஒட்டவில்லை. துருவிப் பார்த்தால், அந்த அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் செல்களைப் பிய்க்கும் டிரிப்சின் கரைசலில் கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும் இடிடிஏ கலந்திருந்தது. கால்சியம் போனால் அந்தப் பசைக்கு உயிரில்லை. அதற்கு 1984-ல் கேட்ஹெரின் என்று பெயர் வைத்தார். என்-கேமுக்குக் கால்சியம் வேண்டாம். இது வேறு ஆள்.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் டகெய்ச்சி ஒரு வாரம் இருந்திருந்தால் இதில் பாதியை அங்கேயே பார்த்திருப்பார். பொம்மைக்கும் ப்யூஸ் கட்டைக்குமான களிமண் குழம்பில் கொஞ்சம் சோடியம் சிலிக்கேட் விட்டால் மண் துகள்கள் எதிர் மின்னூட்டம் ஏறி ஒன்றையொன்று தள்ளும். குழம்பு இளகி அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடும். கால்சியம் சேர்ந்தால் துகள்கள் கட்டிக்கொண்டு குழம்பு இறுகும். ஒட்டவும் தெரியவேண்டும், ஓடவும் தெரியவேண்டும்.

என்-கேமும் அப்படியோர் இளக்கியைச் சுமந்துகொண்டுதான் திரிகிறது. 1980-களின் ஆரம்பத்தில் பின்லாந்துக்காரர் யூக்கா ஃபின்னே, கருவின் மூளையில் இந்தப் புரதம் பாலிசியாலிக் அமிலம் என்ற நீளச் சர்க்கரைச் சங்கிலியைப் போர்த்தியிருப்பதைக் கண்டார். எதிர் மின்னூட்டம், சுற்றிலும் தண்ணீர். செல்கள் நெருங்க முடியாது. மூளைக்காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கஸ் பி பாக்டீரியாவும் அச்சு அசல் அதே போர்வையைப் போட்டுக்கொண்டு உள்ளே வருகிறது. நம்ம பிள்ளை என்று உடம்பு விட்டுவிடுகிறது. மற்ற வகைகளுக்குச் சர்க்கரையை வைத்தே தடுப்பூசி செய்தவர்கள் இங்கே முழித்தார்கள். சர்க்கரையை விட்டுப் புரதங்களை வைத்துச் செய்த ஊசிக்கு ஐரோப்பா அனுமதி தந்தபோது ஆண்டு 2013.

1994-ல் என்-கேம் மரபணுவையே நீக்கி எலிகளைப் பிறக்கவைத்தார்கள். புராணப்படி மூளை பொலபொலவென்று உதிர்ந்திருக்க வேண்டும். எலிகள் பிழைத்து வளர்ந்தன, குட்டியும் போட்டன. மற்ற பசைகள் வேலையைப் பகிர்ந்துகொண்டன போலும். ஆனால் எலிகள் தண்ணீர்த் தொட்டியில் வழி கற்பதில் தடுமாறின. முகர்வுக் குமிழ் சிறுத்திருந்தது. புதிதாகப் பிறக்கும் நரம்புச் செல்கள் மூளையின் உட்புறத்திலிருந்து அந்தக் குமிழுக்கு வழுக்கிக்கொண்டு போயாகவேண்டும். இந்த எலிகளில் அந்தச் செல்கள் பாதி வழியில் தேங்கி நின்றன. சாதாரண எலியில் புரதத்தைத் தொடாமல் சர்க்கரையை மட்டும் நொதியால் சீவிப் பார்த்தபோதும் அதே தேக்கம்தான்.