பந்தியில் தெறித்த சாம்பாரும் கரைப்பான்களின் முனைவுத்தன்மையும்: ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்: கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி சாய்கிறது. முருங்கைக்காய் இலையில் விழ, குழம்பு மட்டும் வெள்ளை வேட்டியில், ஜரிகைக்கு நாலு விரல் மேலே விழுகிறது. உடனே எதிர்வரிசையிலிருந்து ஒரு குரல்: “தண்ணி தொட்டுத் தேயுங்க மாமா!” இந்தக் குரலின் வேதியியல் தகுதியை ஆராய்வதே நம் நோக்கம்.

கோட்பாடு: ஒத்தது ஒத்ததில் கரையும். நீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின், ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின். அதாவது, நீர் முனைவுள்ளது. பந்தியில் வரிசையாக இடம்பிடித்த பங்காளிகள்போல நீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டுறவு இல்லாதவருக்கு நடுவில் இலை போட விடமாட்டா. உப்பும் புளியின் டார்டாரிக் அமிலமும் உறவுமுறை. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினோ பெரும்பாலும் முனைவற்றது. தாளித்த எண்ணெயோடுதான் அதற்குச் சேர்க்கை.

இனி, தீர்வு சொல்வோரை வகைப்படுத்துவோம்.

தண்ணீர்க் கட்சி: பெரும்பான்மையினர். தேய்த்ததும் உப்பும் புளியும் விலகும், மஞ்சள் நகராது. நாலணா அளவிலிருந்த கறை உள்ளங்கை அளவாகும். ஆயினும் பரிமாறியவரின் சங்கடம் தண்ணீரில் முழுமையாகக் கரைவதால், இக்கட்சிக்குச் செல்வாக்கு குறைவதில்லை.

சோப்புக் கட்சி: சோப்பு மூலக்கூறின் தலை நீரை நாடும், வால் எண்ணெயை நாடும். ஆகவே எண்ணெய்ப் பிசுக்கு கழன்றுவிடும். ஆனால் சோப்பின் காரத்தன்மை பட்டதும் குர்குமின் சிவக்கும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைப்பதும் இதே வினைதான். வாசலில் மங்களம் எனப்பட்டது, வேட்டியில் விபரீதம் எனப்படுகிறது.

ஸ்பிரிட் கட்சி: சிறுபான்மையினர், பெரும்பாலும் கைப்பையில் சானிடைசர் வைத்திருக்கும் மருமகள்கள். ஆல்கஹாலுக்கு நீரைவிட முனைவு குறைவு. குர்குமின் அதில் நன்றாகக் கரையும். கறைக்கு அடியில் காகிதக் கைக்குட்டையை மடித்து வைத்து, மேலிருந்து ஒற்றினால் மஞ்சள் காகிதத்துக்குக் குடிபெயரும். கோட்பாட்டின்படி வெற்றி இவர்களுக்கே. எனினும், பந்தியில் மாமனார் வேட்டியில் ஸ்பிரிட் வாடை அடிப்பது வேறு ஆய்வுகளைத் தூண்டக்கூடும்.

பின்னிணைப்பு: இத்தனை வாதத்தையும் கேட்டபடியே வெற்றிலை மென்றுகொண்டிருந்த பாட்டி, “துவைச்சு மொட்டை மாடி வெயில்ல போடு, தானா வெளுக்கும்” என்றார். ஒளி பட்டால் குர்குமின் சிதையும் என்பது மெய்யே. ஆனால் இதில் கரைப்பானும் இல்லை, கரைதலும் இல்லை. எனவே பாட்டியின் முறை இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது என்று நிராகரிக்கப்படுகிறது. கறை போய்விட்டது.