பெரம்பலூர்க் கடல்காரர்

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. கடலோ, ஒரு காலைப்பொழுது முழுவதையும் பேருந்தில் கழித்தால்தான் கண்ணில் படும். அங்ஙனமிருந்தும், சின்ன வெங்காயத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் பெயர்போன இவ்வூரில், கடலுக்கடியில் 18 மீட்டர் வரை இறங்கலாமெனச் சர்வதேச அனுமதி வழங்கும் அட்டையொன்றை, ரேஷன் கடைக்குப் போகும்போதும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடமாடும் ஒரு மனித வர்க்கம் அண்மையில் உற்பத்தியாகியிருக்கிறது. அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளின் பக்கமும் இவ்வர்க்கத்தார் தென்படுவதுண்டு. ஊரார் இவரைக் கடல்காரர் என்கிறார்கள்.

புதுச்சேரிக்கோ அந்தமானுக்கோ உல்லாசப் பிரயாணம் போன இடத்தில் பணத்தைக் கட்டி, பயிற்சியாளர் முதுகைப் பிடித்துக்கொண்டே வர, அரைமணி நேரம் நீருக்குள் இருந்துவிட்டு, அப்புறம் ஆண்டு முழுவதும் சுறாமீனைப் பற்றிச் சம்பாஷிக்கும் ஆசாமியோடு கடல்காரரைச் சேர்த்து எண்ணிவிடலாகாது. அதைப் போன்ற அவமானம் அவருக்கு வேறில்லை. 1966-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ‘பாடி’ என்னும் சங்கத்தின் பாடத்தைப் படித்துப் பரீட்சை எழுதியவர் அவர். 200 மீட்டர் நீந்தி, எதையும் பற்றாமல் 10 நிமிஷம் மிதந்து, நீருக்கடியிலேயே முகக்கண்ணாடியைக் கழற்றி மாட்டி, உள்ளே புகுந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்றிக் காட்டி, நான்கு முறை கடலில் இறங்கித் தேறியவர். சுறாவை அவர் பார்த்ததில்லை, பார்த்ததாகச் சொல்வதுமில்லை. சொல்வதெல்லாம் விதிகள். சுறாக் கதை கேட்க ரசமாகத்தான் இருக்கும். ஆனால் நீருக்குள் துணைக்கு ஒருவர் வேண்டுமென்றால் நான் இந்தச் சலிப்பூட்டும் மனிதரையே தேர்ந்தெடுப்பேன்.

“ஆக்சிஜன் சிலிண்டரை முதுகுல கட்டிக்கிட்டா போனீங்க?” என்று யாரேனும் கேட்டுவிட்டால் அன்று அவர் அலுவலகம் சென்றபாடில்லை. அது ஆக்சிஜன் அல்ல, நாம் சுவாசிக்கிற சாதாரணக் காற்றே அழுத்தி அடைக்கப்பட்டிருக்கிறது, தனி ஆக்சிஜனைச் சுவாசித்துக்கொண்டு ஆழத்துக்குப் போனால் அதுவே விஷமாகும் என்று தொடங்கி, 1943-இல் பிரான்சில் கூஸ்தோவும் காஞானும் சேர்ந்து இக்கருவியைச் சமைத்த வரலாறு வரை வந்துதான் நிற்பார். (தம் மகனுக்குக் கூஸ்தோ என்று நாமகரணம் செய்ய அவர் முயன்றதையும், பாட்டியின் உக்கிரத்தால் குழந்தை தப்பியதையும் ஊர் அறியும்.) கேட்டவர் கடைசியில், “அப்ப காசு குடுத்துக் காத்தையா வாங்குறீங்க?” என்று இரக்கத்தோடு விடைபெறுவார்.

சித்திரை மாதம் வந்துவிட்டால் அவருடைய உபந்நியாச மேடை கிணற்றடிக்கு மாறிவிடும். இப்பிரதேசத்துப் பிள்ளைகள், முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீந்தக் கற்று, பிறகு மூச்சையடக்கி அடிமண்ணைத் தொட்டு ஒரு பிடி அள்ளி வந்து காட்டுவதையே வீரமெனக் கொண்டவர்கள். கடல்காரருடைய முதல் விதியோ, எக்காரணத்தைக் கொண்டும் மூச்சை அடக்காதே என்பது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்கு. அங்கே இழுத்த காற்றை நெஞ்சுக்குள் பூட்டிக்கொண்டு மேலே வந்தால் அது இருமடங்காக விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும் என்பதை, பலூன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நடுங்க நடுங்க விளக்குவார்.

“நாங்க மேலயே மூச்சு இழுத்துக்கிட்டுத்தானே போறோம் மாமா?”

“அப்படின்னா அது மேலே வரும்போது பழைய அளவுக்குத்தான் வரும். ஒண்ணும் ஆகாது.”

இந்த அனுமதியைப் பெற்ற மறுகணமே பிள்ளைகள் தொபுக்கென்று குதித்துவிடுவார்கள்.

மேலே வரும்போது 5 மீட்டரில் 3 நிமிஷம் நின்று, உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேறக் காத்திருக்க வேண்டுமென்பதும் அவர் கைவிடாத ஆசாரங்களில் ஒன்று. செட்டிகுளம் முருகன் மலையில் ஏறும்போதுகூட, உச்சிக்குச் சில படிகள் இருக்கையில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றுவிடுவார். அவருடைய மனைவியார் அதை முழங்கால் வலி என்று வேறுவிதமாக வியாக்கியானம் செய்கிறார். இதனினும் கஷ்டம் கட்டைவிரல். நீருக்கடியில் கட்டைவிரலை உயர்த்தினால் ‘மேலே போ’ என்று பொருள். நலமென்று சொல்ல விரல்களை வளையமாக்க வேண்டும். ஒரு கல்யாணப் பந்தியில், சாப்பாடு எப்படியென்று விசாரிக்கும் பாவனையில் மாப்பிள்ளையின் சிற்றப்பா தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்த, இவர் பாயசம் வரும் முன்னரே இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார்.

கடலற்ற ஊரில் இவருக்கேன் இந்தப் பித்து என்று கேட்பவர்கள், கடல் கடந்து கடாரத்தின்மேல் 1025-இல் படையனுப்பிய ராஜேந்திர சோழனின் தலைநகர் இதே அரியலூர்ச் சீமையின் கங்கைகொண்டசோழபுரம்தான் என்பதை மறந்தவர்கள். அதற்கும் வெகுகாலம் முன்பு இப்பிரதேசமே கடலாக இருந்தது. ஆலைகளில் அரைபடும் சுண்ணாம்புக்கல் அக்கடலின் சிப்பிகள் விட்டுச்சென்ற சொத்து. வாரணவாசியில் அவற்றுக்கென அருங்காட்சியகமே இருக்கிறது. இதைக் கடல்காரரிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். அன்று முதல் காரைக்குப் பக்கத்துச் செம்மண் ஓடைகளில், சுற்றுலா வந்த மாணவர்கள் சுருள்சுருளான அம்மோனைட்டுக் கல்லைப் பொறுக்கும்போதெல்லாம், “கடலடியில எதையும் தொடக் கூடாது, எடுக்கக் கூடாது!” என்று குறுக்கே வந்து நிற்கிறார்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கோலை ஊன்றியபடி இதைக் கேட்டார்.

“இங்க எப்ப தம்பி கடல் இருந்துச்சு?”

“10 கோடி வருஷம் முன்னாடிங்க ஐயா.”

“திரும்ப வர்றதா இருந்தா முன்கூட்டியே சொல்லிடு. ஆட்டை மேட்டுக்கு ஓட்டணும்.”

ஆபத்துக்காலத்தில் அறிவிக்க வேண்டியவர்களின் பட்டியலில் அவரையும் சேர்த்துக்கொள்ள, கடல்காரர் பெரியவரின் கைப்பேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.