அண்ணாச்சி, ஒயரை எப்ப உருவலாம்?

கேள்வி: பழைய கம்ப்யூட்டர்ல உபுண்டு சர்வர் போட்டேன். கறுப்பா ஒரு திரை, அதுல ஒரு கோடு கண்ணடிச்சிட்டு நிக்கு. வைஃபையை எங்க அண்ணாச்சி தட்டணும்?
– அச்சகக்காரர், தக்கலை

பதில்: கீபோர்டில்தான். முதலில் ‘ஐபி லிங்க்’ என்று அடியும். வரும் பட்டியலில் ‘டபிள்யூ எல்’ என்று தொடங்கும் பெயர் ஏதாவது உண்டா பாரும். உண்டென்றால் அதுதான் வைஃபை கார்டு. இல்லையென்றால் கார்டுக்கான ஃபர்ம்வேரைத் தேடும்; அது வரும்வரை மற்ற கட்டளையெல்லாம் வெட்டி வேலை.

உபுண்டுவில் இந்தக் கணக்குவழக்கைப் பார்ப்பது நெட்பிளான். ‘ஈடிசி’ ஃபோல்டருக்குள் ‘நெட்பிளான்’ என்றே ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் உள்ள யாமல் கோப்பைத் திறந்து ‘வைஃபைஸ்’ என்று எழுதி, அதற்குக் கீழே கார்டின் பெயர், அதற்குக் கீழே ‘டிஹெச்சிபி4 ட்ரூ’, ‘ஆக்சஸ் பாயின்ட்ஸ்’, அதற்குள் உம்ம ரூட்டரின் பெயர், அதற்குள் பாஸ்வேர்டு. ஒவ்வொரு படிக்கும் இரண்டு ஸ்பேஸ் உள்ளே தள்ளி எழுத வேண்டும். பாஸ்வேர்டு பச்சையாகக் கிடக்கும், ஆகவே கோப்புக்கு ‘சிஹெச்மோட் 600’ போட்டு மற்றவர் கண்ணிலிருந்து மறைத்துவிடும்.

அடுத்து ‘நெட்பிளான் அப்ளை’ என்று அவசரப்பட வேண்டாம். ‘நெட்பிளான் ட்ரை’ என்று அடியும். 120 வினாடிக்குள் நீர் என்டர் அடிக்காவிட்டால் அது பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு அச்சகத்து சர்வரை நோண்டுகிற ஆளுக்கு இது பெட்ரோல் காசு மிச்சம்.

கேள்வி: நீங்க சொன்ன மாதிரியே எல்லாம் எழுதியாச்சு. ‘டபிள்யூபிஏ சப்ளிகன்ட்’ இல்லைன்னு சொல்லுது. அதை இறக்க நெட் வேணும், நெட் வர அது வேணும். இது என்ன கூத்து?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: கிணற்றில் இறங்கக் கயிறு வேண்டும், கயிறு கிணற்றுக்குள் கிடக்கிறது. ரூட்டரிடம் பாஸ்வேர்டைச் சொல்லிக் கைகுலுக்கும் வேலை அந்த சப்ளிகன்டுடையது. பின்லாந்துக்காரர் யூனி மாலினன் எழுதியது. உன் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அதுவே உட்கார்ந்திருக்கிறது. சர்வரில் மட்டும் பல சமயம் இருப்பதில்லை, சர்வர் என்றால் கேபிள்தான் என்று நினைத்துச் செய்தவர்கள் விட்டுவிட்டார்கள். ரூட்டரிலிருந்து கேபிளை இழுத்துச் செருகு, அல்லது போனை யூஎஸ்பியில் மாட்டி டெதரிங் போடு. சப்ளிகன்ட் பொட்டலத்தை இறக்கு. அதுவரை ஒயரை உருவாதே.

கேள்வி: பத்து தடவை சரிபார்த்தாச்சு. அப்பவும் யாமல் பிழைன்னே வருது.
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: ஸ்பேஸுக்குப் பதில் டாப் தட்டியிருக்கிறீர்.

கேள்வி: போன்ல எங்க வைஃபை பேரு தெரியுது, சர்வர்ல தெரியலை. பாரபட்சமா?
– ஆசிரியை, கருங்கல்

பதில்: சர்வர் தான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாமல் முழிக்கிறது, டீச்சர். ‘ஐடபிள்யூ ரெக் கெட்’ அடித்துப் பாருங்கள். ‘00’ என்று வந்தால் உலகப் பொதுக் கணக்கு. 12, 13-ஆம் சேனல்களில் அது வாயே திறக்காது. அமெரிக்கா என்று வந்தால் 11-ஆம் சேனலோடு கடையைச் சாத்திவிடும். இந்தியாவில் 13 வரை உண்டு, உங்கள் ரூட்டர் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். ‘ஐடபிள்யூ ரெக் செட் ஐஎன்’ அடியுங்கள். இதையெல்லாம் செய்யச் சோம்பலாக இருந்தால் ரூட்டரை 6-ஆம் சேனலுக்கு மாற்றுங்கள், அது எல்லா நாட்டுக்கும் பொது.

கேள்வி: ஆடிக் காத்துல வைஃபை அடிச்சிட்டுப் போகுமா?
– வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: முப்பந்தல் காற்றாடியைச் சுற்றுகிற காற்றுக்கும் ரேடியோ அலையை அசைக்க வலுவில்லை. ஆன்டெனா கட்டிய கம்பத்தை அசைக்கும். கம்பத்தை இழுத்துக் கட்டும்.

கேள்வி: வீட்டுல இருந்து ரப்பர் ஷீட் அடிக்கிற ஷெட்டுக்கு ஒரு விளி தூரம்தான். ஜனவரியில வைஃபை போட்டப்ப நல்லா கிட்டிச்சு. இப்ப செத்துப் போச்சு. கார்டு கேடா?
– ரப்பர் விவசாயி, குலசேகரம்

பதில்: கார்டு நல்லாத்தான் இருக்கு ஓய், மரம் தளிர்த்துவிட்டது. ஜனவரியில் ரப்பர் மரம் இலையை உதிர்த்து மொட்டையாக நிற்கும். வானமே தெரியும், சிக்னல் தெரியாதா? புது இலை வந்தால் அத்தனையிலும் தண்ணீர். வைஃபை அலையைத் தண்ணீர் குடித்துவிடும், மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் சரியாகும் என்று கடைக்காரர் சொல்லுவார், நம்ப வேண்டாம். இலைக்குள் அது இன்னும் மோசம். இரண்டு பக்கமும் திசை பார்த்து வைக்கும் ஆன்டெனாவை இலைக்கு மேலே ஏற்றும்.

தூரம் என்றால் தேனியைக் கேளும். அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையும் பெர்க்லி பல்கலைக்கழகத்து எரிக் ப்ரூவரின் குழுவும் 2005 வாக்கில் தொடங்கி, பல கிலோமீட்டர் தள்ளியிருந்த கிராமக் கண் மையங்களை வைஃபையில் இணைத்தார்கள். நோயாளி கிராமத்தில், டாக்டர் தேனியில், நடுவே லினக்ஸ் ஓடும் சின்னப் பெட்டிகள். சாதாரண வைஃபை ஒரு பொட்டலம் அனுப்பினால் ‘கிடைத்தது’ என்ற பதிலுக்கு மைக்ரோ விநாடிக் கணக்கில்தான் காத்திருக்கும். தூரம் கூடினால் பதில் பிந்தும்; தொலைந்தது என்று நினைத்து மறுபடி மறுபடி அனுப்பி நெரிசலாக்கும். அந்தப் பழக்கத்தையே மாற்றி, ‘நீ கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம்’ என்று முறை வைத்தார்கள். வேலை செய்தது. அப்புறம் அவர்களைப் படுத்தியது ஊர்க் கரண்ட்! ஏறியிறங்கும் மின்னழுத்தம் கருவியைச் சுட்டது, மெமரி கார்டைக் கெடுத்தது. உம்ம ஷெட்டுக்கும் ஸ்டெபிலைசர் வாங்கும்.

கேள்வி: எல்லாம் ஓடுது. ஆனா வெளியே இருந்து உள்ள நுழைஞ்சா, ஒவ்வொரு எழுத்தும் யோசிச்சு யோசிச்சு வருது.
– வாசகர், சுசீந்திரம்

பதில்: கார்டு மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று தூங்குகிறது. ‘ஐடபிள்யூ டெவ்’, கார்டின் பெயர், ‘செட் பவர் சேவ் ஆஃப்’. சர்வரை அணைத்து மறுபடி ஆன் செய்தால் பழையபடி தூங்கும், ஆகவே தொடக்கத்திலேயே ஓடும்படி எழுதிவையும். 100 மீட்டருக்குள் கேபிள் இழுக்க முடியுமென்றால் இந்தத் தாலாட்டே தேவையில்லை, கேபிளை இழுத்துவிட்டு நிம்மதியாக இரும்.

கேள்வி: துபாயிலேர்ந்து மருமகன் வந்திருக்காரு. வந்ததும் வைஃபை பாஸ்வேர்டு கேக்காரு. சர்வரும் அதுலதான் கிடக்கு. குடுக்கலாமா?
– வாசகர், குளச்சல்

பதில்: ரூட்டரில் ‘கெஸ்ட்’ என்று தனியாக ஒன்று இருக்கும், அதைத் திறந்து கொடும். பாஸ்வேர்டு எட்டு எழுத்துக்குக் குறைந்தால் ரூட்டர் ஏற்காது. மகள் பெயரை வைத்து அடுத்த வருஷம் வரை அவரே ஞாபகம் வைத்திருக்கும்படி பாரும்.