அணில் இல்லப்பா, அணிப்புள்ள

கீரனூர்,
ஞாயித்துக்கிழமை.

அப்பு,

போன வாரம் நீ குடும்பத்தோட வந்துட்டுப் போனதுல இருந்து எனக்குச் சிரிப்பு அடங்கல. திண்ணையில மகளை நிறுத்தி, "அப்பத்தாவுக்குப் படிச்சுக் காட்டுத்தா"ன்னு மீசையைத் தடவிக்கிட்டு உக்காந்த. அவளும் கடகடன்னு ஒப்பிச்சா. அணில் படம் வந்ததும் "அணிப்புள்ள"ன்னா. நீ "அணில்னு சொல்லு"ன்னு அதட்டுன. ஏப்பா, அது மேல என்ன தப்பு? நம்ம வீட்டுல அதுக்குப் பேரே அதுதானே. அவ எழுத்தைப் பாக்கல, படத்தைப் பாத்தா. நான் படத்தைக் கையால மறைச்சுக்கிட்டு, இப்பப் படின்னேன். மோட்டுவளையைப் பாத்தா. கிளி சோசியக்காரன் கிளியும் இப்படித்தான் அட்டை எடுக்குது. அதுக்கு ரெண்டு நெல்லு போதும். நீ எவ்வளவு பீஸ் கட்டுறேன்னு நான் கேக்கல.

எனக்கு எழுத்து வந்ததே நாப்பது வயசுக்கு மேல. 1991-ல எழுதப் படிக்கச் சொல்லித்தர அறிவொளி இயக்கம் வந்தப்ப, கல்லு உடைச்ச கையைக் கழுவிட்டு அரிக்கேன் வெளிச்சத்துல போயி உக்காந்தோம். சொல்லிக்குடுக்க வந்தவன் மீசை முளைக்காத பய. 247 எழுத்தையும் மூட்டை கட்டி எங்க தலையில ஏத்தல அவன். எனக்கு முதல்ல காட்டுனது 'பட்டா'. பட்டான்னா என்னன்னு விளக்க வேண்டியதே இல்ல. அந்தக் காயிதத்துக்கு நடந்து உங்க தாத்தா செருப்புத் தேஞ்ச கதை ஊருக்கே தெரியும். அந்த எழுத்துக்கே காலு போட்டு, சுழி போட்டு, படி, பாடு, பாட்டின்னு பிரிச்சுக்கிட்டே போனான். அப்பக் கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா சைக்கிளையும் சேத்துப் பழகச் சொல்லிட்டாங்க. ஜில்லா பூரா பொம்பளைங்க சேலையைச் சொருகிட்டு ஏறுனோம். சைக்கிள்ல விழுந்த தழும்பு முழங்கால்ல இன்னும் இருக்கு. எழுத்துல விழுந்ததுக்குத் தழும்பே இல்ல. நாங்க தப்பாப் படிச்சப்ப அந்தப் பய ஒரு நாளும் சிரிக்கல.

உன் மகளுக்கு எங்க தடுக்குதுன்னு பாத்தியா? கொம்புல. 'கெ'யில கொம்பு முன்னால நிக்குது, அதோட சத்தம் பின்னால வருது. 'கொ'வுல முன்னால கொம்பு, பின்னால காலு, நடுவுல 'க' ரெண்டு பொஞ்சாதிக்காரன் மாதிரி முழிச்சுக்கிட்டு நிக்குது. அந்த 'க'வும் லேசுப்பட்டதில்ல. கடலையில ஒரு சத்தம், தங்கத்துல ஒரு சத்தம், மகன்ல இன்னொரு சத்தம். படிச்சுப் பழகுன நமக்கு இதெல்லாம் கண்ணுலயே படாது. புள்ளைக்கு ஒவ்வொன்னும் வழியில கிடக்குற கல்லு. அவ திக்குனா நீ வெடுக்குன்னு சொல்லிப்புடுற. பத்து எண்ணுற வரைக்கும் வாயை மூடிக்க. உனக்கு அது கஷ்டம்தான், உங்க தாத்தா வழி. 'ழ' வரலன்னு கொட்டு வேற வைக்கிற. நீ 'வாளப்பளம்'னு கேட்டுத் தின்னு வளந்தவன்தானே அப்பு?

நம்ம தெரு சர்க்கார் பள்ளிக்கூடத்தைப் பாத்து நீ மூக்கைச் சுழிக்கிற. கொரோனாவுல பூட்டிக் கிடந்ததுல புள்ளைங்க படிச்சதை மறந்துபோச்சுங்கன்னு, 2021-ல இல்லம் தேடிக் கல்வின்னு சாயங்காலத்துல ஆள் விட்டாங்க. அடுத்த வருசம் ஒன்னுல இருந்து மூனாப்பு வரைக்கும் எண்ணும் எழுத்தும்னு ஒரு திட்டம் கொண்டாந்தாங்க. அதுல அரும்பு, மொட்டு, மலர்னு தரம் வச்சிருக்காங்க. மூனாப்புப் புள்ளைக்கு எழுத்து தெரியலன்னா அரும்புல இருந்து தொடங்குறாங்க, அதுல ஒரு வெக்கமும் இல்ல. நீதான் அரும்பைப் பறிச்சு நேரா மாலை கட்டப் பாக்குற.

இன்னொன்னு, அந்த நாலு பக்க வீட்டுப்பாடம். நம்ம சித்தன்னவாசல் மலையில, சமணச் சாமியாருங்க படுத்த கல்லுப்படுக்கையில ரெண்டாயிரம் வருசத்துத் தமிழெழுத்து இருக்கு. கல்லுடைச்சவ சொல்றேன், அந்த வெட்டுக்கு நல்ல அழுத்தம் வேணும். அது கல்லு. ஆறு வயசு விரலுக்கு அந்த அழுத்தம் எதுக்கு? பென்சில் முனை நாலு தரம் முறிஞ்சதைப் பாத்தேன். நீ கடைக்குப் போயிருந்தப்ப முறத்துல கேவுரு மாவைப் பரப்பிக் குடுத்தேன். விரலால 'அப்பா'ன்னு எழுதுனா. புள்ளிக்கு என்ன பண்றதுன்னு யோசிச்சுட்டு, உளுந்து டப்பாவுல இருந்து ஒரே ஒரு உளுந்தை எடுத்து 'ப' தலையில வச்சா. அந்த மாவுலதான் ராத்திரி உனக்குக் களி கிண்டுனேன். நல்லாருக்குன்னு ரெண்டாம் தரம் கேட்டுத் தின்ன.

நீ எதையாவது படிச்சு அவ பாத்திருக்காளா? போனைத் தள்ளுறதைத்தான் பாத்திருக்கா. திருச்சியில பஸ் ஏறும்போது போர்டை அவளை விட்டுப் படிக்கச் சொல்லு. தப்பாப் படிச்சா தப்பான பஸ்ஸுல ஏறு, காசு என்கிட்ட வாங்கிக்க. ராத்திரி பத்து நிமிசம் மடியில வச்சுக்கிட்டு, எழுத்துல விரலை ஓட்டிக் கதை படி. நல்ல இடத்துல நிறுத்திட்டுக் கொட்டாவி விடு. மிச்சத்தை அவளே நோண்டுவா.

இந்தக் காயிதத்தை நீ படிக்காத, அவகிட்டயே குடு. உன்னைத் திட்டுற இடமெல்லாம் அவளுக்குத் தோதாப் பெரிய எழுத்துல எழுதியிருக்கேன்.

அப்பத்தா