எதுங்க மாமா நல்லது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் எவனும் நிம்மதியாக ஈஸி சேரில் சாய முடியாது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நேற்று வந்த ஆளைத்தான் பொறுக்க முடியவில்லை.

தூரத்து உறவில் மருமகன் முறை. இரண்டு லாரி ஓடுகிறது. பையனுக்கு இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றுச் சொச்சம் கட் ஆஃப். "கோயமுத்தூர் அக்ரியா, நாமக்கல் வெட்னரியா? நீங்க என்ன சொல்றீங்களோ அதானுங்க மாமா" என்று சட்டமாக உட்கார்ந்தார். நானும் தொண்டை வறளப் பேசினேன். இது நாலு வருடப் படிப்பு, அது பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருடம். அதற்கு ஒரு கலந்தாய்வு, இதற்குத் தனிக் கலந்தாய்வு. மாட்டுக்கு வைத்தியம் தெரிந்தவன் இந்தப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பையன் கோயமுத்தூர்னு அப்பவே முடிவு பண்ணிட்டானுங்க மாமா. அவன் ஃப்ரெண்டு அங்கதான் போறான். இருந்தாலும் பெரியவங்க ஒருத்தர் வாயில ஒரு வார்த்தை வந்துட்டா மனசுக்குத் தெம்பு பாருங்க."

என் வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது.

பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரே ஒரு விதி இருக்கிறது. முப்பத்துச் சொச்சம் வருடம் பிள்ளைகளை அனுப்பி வைத்து அனுபவத்தில் கண்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால் ஒரு சின்ன விளக்கம் வேண்டியிருக்கிறது.

நம் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தைத் தேடிப் போனது ஒரு பங்கு என்றால், நாம் இருந்த இடத்திலேயே இருக்க, தலைக்கு மேல் பல்கலைக்கழகம் மாறிக்கொண்டே இருந்தது ஒன்பது பங்கு. 1857-ல் ஆரம்பித்த சென்னைப் பல்கலைக்கழகம்தான் வெகுகாலம் சேலத்துக்கும் பல்கலைக்கழகம். சேலம் அரசு கலைக் கல்லூரியில் மரத்தடியில் தூங்கிய என் தலைமுறைக்கெல்லாம் அந்தப் பெயரில்தான் பட்டம். என் நண்பர் ஒருவர் இன்றைக்கும் "நான் மெட்ராஸ் யுனிவர்சிட்டி" என்று நெஞ்சை நிமிர்த்துவார். அவர் ஆத்தூரைத் தாண்டியதே கல்யாணத்துக்குப் பிறகுதான். 1997-ல் கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகம் வந்தது. அதே கல்லூரி, அதே பெஞ்சு, நான் செதுக்கிய அதே பெயர். தம்பிமார்கள் வாங்கியது பெரியார் பல்கலைக்கழகப் பட்டம். நண்பரோ தம்பி பட்டத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "லோக்கல்" என்றார்.

அதே 1997-ல்தான் நாமக்கல்லும் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ் தனி, எஸ்.பி. ஆபீஸ் தனி. பல்கலைக்கழகத்தில் மட்டும் பாகம் கேட்கவில்லை, அதுவரை புண்ணியம்.

இன்ஜினீயரிங் கதை இதைவிட மோசம். எல்லா இன்ஜினீயரிங் கல்லூரிகளையும் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழே கொண்டுவந்தார்கள். சரி, கிண்டியோடு சொந்தம் வந்துவிட்டது என்று ஊரே பூரித்த சமயத்தில், 2007-ல் அண்ணாவைப் பிரித்தார்கள். கோயமுத்தூருக்கு ஒன்று, திருச்சிக்கு ஒன்று, திருநெல்வேலிக்கு ஒன்று. 2010-ல் மதுரைக்கும் ஒன்று. சேலம், நாமக்கல் எல்லாம் கோயமுத்தூர் அண்ணாவின் கணக்கில் போனது. பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளை அண்ணா யுனிவர்சிட்டிங்க" என்றால், "ஒரிஜினல் அண்ணாவா, கோயமுத்தூர் அண்ணாவா?" என்று கேட்ட மாமனாரை நானே பார்த்திருக்கிறேன். 2012-ல் எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாக்கிவிட்டார்கள். அந்த மாமனாரும் சமாதானமாகிவிட்டார்.

இருங்கள், காவிரியை விட்டுவிட்டேன். நாமக்கல் மாவட்டத்துக்கு மேற்கிலும் தெற்கிலும் ஆறு. குமாரபாளையத்தில் நின்றால் பெரியார் பல்கலைக்கழகம். பாலத்தைத் தாண்டி பவானியில் கால் வைத்தால் பாரதியார் பல்கலைக்கழகம். பள்ளிபாளையம் பெரியார், எதிர்க்கரை ஈரோடு பாரதியார். தெற்கே மோகனூர் பெரியார், அக்கரையில் கரூர் மாவட்டம், அங்கே பாரதிதாசன். பாரதியாரும் பாரதிதாசனும் 1982-ல் பிறந்த ஜோடி. ஆக எங்கள் மாவட்டத்துக்காரன் ஆற்றைத் தாண்டினால் கவிஞர், தாண்டாவிட்டால் பகுத்தறிவு. பி.காம். என்னவோ அதே பி.காம்.தான். ஆனால் பள்ளிபாளையத்துப் பெண் பாலத்தைத் தாண்டி ஈரோட்டில் சேர்ந்துவிட்டால் அவள் அம்மா தெருவில் சொல்லுவதைக் கேட்க வேண்டுமே: "பாப்பா வெளியூர்ல படிக்குதுங்க." டவுன் பஸ்ஸில் போய், மதியச் சாப்பாட்டுக்கே வீட்டுக்கு வந்துவிடும் வெளியூர்.

விதியை மறக்கவில்லை. வருகிறேன்.

இந்த அக்ரி, வெட்னரி சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-ல் ஆரம்பித்தபோது அது கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பிள்ளைதான். 1989-ல்தான் கால்நடைக்கென்று தனிப் பல்கலைக்கழகம் வந்தது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. நிலம் ஒருவருக்கு, மாடு ஒருவருக்கு. அது எவ்வளவு சுத்தமாக நடந்திருக்கிறது என்றால், சேலம் மாவட்டத்துக்குச் சந்தியூரில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையம் நிலக்காரர் கையில். நாமக்கல் மாவட்டத்து நிலையம் மாட்டுக்காரர் கையில். எல்லையில் நாலு ஏக்கர் மரவள்ளியும் பத்து வெள்ளாடும் வைத்திருக்கிற விவசாயி, எந்தப் பங்காளி வீட்டுக்கு முதலில் போவது என்று மல்லூரில் நின்று யோசிக்க வேண்டியதுதான். இது போதாதென்று தலைவாசலில் 2021-ல் இன்னொரு கால்நடைக் கல்லூரி திறந்தார்கள். இப்போது வெட்னரிக்குள்ளேயே நாமக்கல்லா தலைவாசலா என்று கேட்டு வருகிறார்கள். இரண்டும் ஒரே பல்கலைக்கழகம் என்றால், "அது தெரியுங்க, ஆனா எது நல்லது?" என்கிறார்கள்.

யோசனை சொல்ல நான் ஒருவன்தானா? கோழிப்பண்ணைக்காரர் வெட்னரிதான் என்கிறார். அவருக்கு ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டால் வர ஒரு டாக்டர் வேண்டும். திருச்செங்கோட்டு ரிக் வண்டி முதலாளி அக்ரிதான் என்கிறார். பையன் மண்ணைத் தொட அல்ல, பேங்க்கில் விவசாய அதிகாரி பரீட்சை எழுத. விவசாயம் படித்தால் வயலுக்குப் போகாமல் தப்பிக்கலாம் என்பதுதான் நம் பக்கத்தில் அந்தப் படிப்பின் தலையாய பெருமை. என் மருமகனுக்கோ நாலுக்கும் ஐந்தரைக்கும் உள்ள ஒன்றரை வருடம்தான் கணக்கு. "அதுக்குள்ள ஒரு வண்டி டியூவே முடிஞ்சிடுமுங்க."

அவரை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பழைய லாரி வாங்கச் சங்ககிரிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மெக்கானிக் கூட. வெள்ளை வேட்டியோடு வண்டிக்கு அடியில் படுத்து, சேஸில் வெல்டிங் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். எஃப்.சி. தேதி, டயர், டிரைவரின் குடிப்பழக்கம் வரை விசாரித்தார். இப்போது கேட்டேன்: "மோகனூர் ரோட்டுல வெட்னரி காலேஜ் இருக்குதே, உள்ள போய்ப் பாத்தியாப்பா?" அவருடைய வண்டி அந்த ரோட்டில்தான் ஓடுகிறது. "உள்ளயெல்லாம் விடுவாங்களாங்க மாமா?" என்றார். கோயமுத்தூர் லாலி ரோட்டையும் அவர் பார்த்ததில்லை. பையனும் பார்த்ததில்லை. பையனின் அந்த ஃப்ரெண்டு பார்த்திருப்பான் என்றும் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒரு காலத்தில் இன்ஜினீயரிங் கலந்தாய்வுக்கு என்று சேலத்திலிருந்து நைட் பஸ் பிடித்துக் கிண்டிக்காவது போய் இறங்கினோம். பையன் அந்தச் சிவப்புக் கட்டடத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பான். அப்பா கேன்டீன் இட்லியைக் குறை சொல்லுவார். 2018-ல் அதுவும் ஆன்லைனுக்குப் போய்விட்டது. இப்போது பிரவுசிங் சென்டர் பையன் "அண்ணா, இதைப் போட்டுரட்டா?" என்கிறான், போட்டுவிடுகிறார்கள். நான் சொல்ல வந்த ஒரே விதி இவ்வளவுதான்: பழைய லாரியைப் பார்க்கிற மாதிரி, சேருவதற்கு முன்னால் உள்ளே போய் ஒரு தடவை பாருங்கள்.

கலந்தாய்வு கடைசிச் சுற்று வரை முடியட்டும். அதுவரை தயவுசெய்து என் வீட்டு கேட்டைத் தட்ட வேண்டாம். தட்டியே ஆக வேண்டும் என்றால் படிக்கப் போகிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அப்பாக்களோடு பேசி எனக்கு அலுத்துவிட்டது.